அவசர எண் 112: நம்பர் தெரிந்தால் மட்டும் போதுமா?

தொழுதூர் பக்கம் ஒரு நிக்காஹ் வைபவத்தில் கலந்துகொண்டு பெரம்பலூர் திரும்பிக்கொண்டிருந்தோம். இஷா முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எங்கள் மஹல்லா இளைஞர் ஒருவர் காரை ஓட்டினார். திருமாந்துறை சுங்கச்சாவடியைத் தாண்டி, ரஞ்சன்குடி கோட்டையின் கருத்த உருவம் தெரிய ஆரம்பித்த இடத்தில் முன்னால் போன வண்டிகள் எல்லாம் மெதுவாயின. சாலையோரம் ஒரு பைக் கிடந்தது. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன் கால் மடங்கிய நிலையில் கிடந்தான். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர். அத்தனை பேர் கையிலும் செல்போன் இருந்தது. இரண்டு பேர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"108க்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டேன்.

"சொல்லியிருப்பாங்க பாய்" என்றார் ஒரு லாரி ஓட்டுநர். யார் சொன்னது என்று கேட்டபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். விழுந்து கால் மணி நேரம் ஆகியும் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் சொல்லியிருப்பார் என்று நினைத்திருக்கிறார்கள்.

நான் போன் போட்டேன். உடனே எடுத்தார்கள். எதிர்முனையில் ஒரு பெண், நிதானமான குரல். "எந்த மாவட்டம் சார்?" பெரம்பலூர் என்றேன். "எந்த இடம்?" ரஞ்சன்குடி, கோட்டைக்குப் பக்கத்தில் என்றேன். "மெயின் ரோட்டிலா, ஊருக்குள்ளயா?" மெயின் ரோட்டில். "சென்னை போற பக்கமா, திருச்சி போற பக்கமா சார்?" இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைத்தான் இன்று வரை மறக்க முடியவில்லை. பதற்றத்தில், நாங்கள் சென்னைத் திசையிலிருந்து வந்ததை மனதில் வைத்து, "சென்னை பக்கம்" என்று சொல்லிவிட்டேன்.

சிறிது நேரத்தில் சைரன் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் எதிர்ப்புறச் சாலையில். நடுவில் தடுப்பு. நாங்கள் கையை ஆட்ட ஆட்ட அது எங்களைக் கடந்து போய், அடுத்த திருப்பத்தில் வளைந்து திரும்பி வர வேண்டியதாயிற்று. பையன் பிழைத்துக்கொண்டான், அல்ஹம்துலில்லாஹ். காலில்தான் பெரிய அடி. ஆனால் அவன் முனகிக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்கள் என் கணக்கில் எழுதப்பட்டவை. ஓட்டுநர் மேலும் தவறில்லை, போனை எடுத்த பெண் மேலும் தவறில்லை. மிம்பரில் ஏறி மணிக்கணக்கில் பேசும் எனக்கு, நான் நிற்கும் இடத்தை ஒரு வாக்கியத்தில் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அரசு விளம்பரங்களும் பள்ளிக்கூடச் சுவர்களும் எண்களை நமக்குச் சொல்லித் தந்துவிட்டன. அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

எத்தனை எண்கள்!

காவல்துறைக்கு 100. தீயணைப்புக்கு 101. ஆம்புலன்ஸுக்கு 108. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567. நெடுஞ்சாலையில் சிக்கிக்கொண்டால் 1033. பணத்தை ஆன்லைனில் இழந்தால் 1930. மழை வெள்ளம் என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் 1077. ரயிலில் என்றால் 139. ஒவ்வொன்றும் நல்ல நோக்கத்தில் வந்தவைதான். ஆனால் வீட்டில் தீப்பிடித்திருக்கும்போது இந்தப் பட்டியலில் எது என்று யோசிக்கிற மனநிலையில் யார் இருப்பார்கள்?

இதற்காகத்தான் ஒரே எண் என்ற பேச்சு வந்தது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு நடந்த கொடூரம் நாட்டையே உலுக்கியது நினைவிருக்கும். அதன் பிறகு உருவாக்கப்பட்ட நிர்பயா நிதியிலிருந்துதான் 112 திட்டத்துக்கான பணத்தின் பெரும்பகுதி வந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், நாடு முழுவதற்கும் 112ஐ ஒரே அவசர எண்ணாக்கலாம் என்று 2015இல் பரிந்துரைத்தது. 2018 நவம்பரில் இமாச்சலப் பிரதேசத்தில் முதலில் தொடங்கினார்கள். 2019 பிப்ரவரி 19ஆம் தேதி தமிழ்நாடு உள்ளிட்ட 16 மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் சேர்ந்தன.

அதாவது நம் மாநிலத்தில் இந்த எண் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஜும்ஆவுக்கு வந்தவர்களிடம் ஒருமுறை, "112 என்றால் என்ன?" என்று கேட்டேன். கை தூக்கியவர்களில் பாதிப் பேர் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள். குவைத்தில் போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் 112தான். அங்கே பத்து வருடம் இருந்தவருக்கு அது மனப்பாடம். அதே எண் தன் சொந்த ஊரிலும் வேலை செய்கிறது என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. ஊரில் தனியாக இருக்கும் அவருடைய அம்மாவுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியாது. 108ஐ நாம் ஆம்புலன்ஸ் எண்ணாக மட்டுமே நினைக்கிறோம். 2008 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழ்நாட்டில் அந்தச் சேவை தொடங்கியபோதே மருத்துவம், காவல், தீ மூன்றுக்கும் பொதுவான எண்ணாகத்தான் அறிமுகமானது. மக்கள் அதை ஆம்புலன்ஸாக மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதற்குக் காரணம் அந்த வண்டி நம் கண்ணெதிரே வந்து நின்றதுதான். பிரசவ வலி வந்த பெண்ணை நள்ளிரவில் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போன காலம் நம் மாவட்டத்தில் வெகுதூரத்தில் இல்லை. இன்று மாநிலம் முழுவதும் 1,300க்கும் மேற்பட்ட 108 வண்டிகள் ஓடுகின்றன, கட்டணம் எதுவும் இல்லை. ஒரு எண் மக்கள் மனதில் பதிய வேண்டுமென்றால் விளம்பரம் மட்டும் போதாது. கூப்பிட்டால் வருகிறது என்ற அனுபவம் வேண்டும். 112க்கு அந்த அனுபவம் நம் ஊர்களில் இன்னும் வரவில்லை.

அப்படியானால் எதற்குப் போன் செய்வது? என் புரிதல் இதுதான். உடல்நலம், விபத்து என்றால் 108ஐயே கூப்பிடுங்கள், அது நமக்குப் பழகிவிட்டது. எந்தத் துறை வர வேண்டும் என்று தெரியாதபோதும், ஒன்றுக்கு மேற்பட்ட துறை தேவைப்படும்போதும் 112. நம் பகுதியில் இதற்கு நல்ல உதாரணம் கிணறு. பெரம்பலூர் மாவட்டத்தில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற காடுகளில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் எத்தனையோ இருக்கின்றன. ஒருவர் உள்ளே விழுந்தால் நாம் கூப்பிடுவது ஆம்புலன்ஸை. ஆம்புலன்ஸ் வந்து மேலே நிற்கும். கயிறும் வலையும் கொண்டு இறங்கத் தெரிந்தவர்கள் தீயணைப்பு வீரர்கள். அவர்களை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். 112இல் "கிணற்றில் ஆள் விழுந்துவிட்டார்" என்று சொன்னால் போதும், யார் யார் போக வேண்டும் என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

தந்தி போல ஒரு வரிசை

பொது அவசர எண் என்ற யோசனை எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால், இது ஏன் எல்லாருக்கும் சொந்தமான பொருள் என்பது புரியும். 1935 நவம்பரில் லண்டனில் விம்போல் தெருவில் ஒரு மருத்துவரின் வீட்டில் தீப்பிடித்தது. எதிர்வீட்டுக்காரர் தொலைபேசி நிலையத்தை அழைத்தார். அந்தக் காலத்தில் ஆபரேட்டர் எடுத்துத்தான் இணைப்புத் தர வேண்டும். சாதாரணமாகப் பேச அழைத்தவர்களும் தீ என்று கத்த அழைத்தவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். அவருக்கு முறை வரவில்லை. அந்தத் தீயில் ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள். அவர் அதைப் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதினார், விவாதம் கிளம்பியது, அரசு குழு அமைத்தது. 1937 ஜூன் 30ஆம் தேதி லண்டனில் 999 பிறந்தது. அந்த எண்ணில் அழைப்பு வந்தால் நிலையத்தில் விளக்கு எரியும், ஒலிப்பான் ஒலிக்கும், மற்ற வேலையைப் போட்டுவிட்டு அதை எடுப்பார்கள். அமெரிக்காவில் 911 வந்தது 1968இல்.

ஆக, அவசர எண் என்பது அவசரக்காரனுக்காக மற்றவர்கள் விலகி விடும் ஒரு வழி. அந்த வழியில் அவசரமில்லாத ஒருவர் நின்றால் விம்போல் தெருவின் வரிசை திரும்ப வந்துவிடுகிறது. இதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். ரீசார்ஜ் தீர்ந்த பழைய போனைக் குழந்தை கையில் விளையாடக் கொடுக்கிறோம். லாக் ஆன திரையிலும் 'அவசர அழைப்பு' என்ற பொத்தான் இருக்கும். குழந்தை அதை அமுக்கும், எங்கோ ஒரு பணியாளர் "ஹலோ, ஹலோ" என்று கேட்டுக்கொண்டிருப்பார். பெரியவர்கள் செய்வது இன்னும் மோசம். மாதாந்திர செக்கப்புக்குப் போக, "நெஞ்சு வலி" என்று பொய் சொல்லி 108ஐ வரவழைத்தவரை எனக்குத் தெரியும். காசு மிச்சம் என்று பெருமையாகச் சொன்னார். அந்த நேரத்தில் அந்த வண்டி போயிருக்க வேண்டிய வீடு எது என்று கேட்டேன். பதில் இல்லை. பள்ளிவாசல் சொத்தில் ஒரு செங்கல்லை எடுத்தால் பதறுகிற நாம், இந்தப் பொதுச் சொத்தில் பிறருடைய நிமிடங்களை எடுப்பதை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை.

கை தவறி அழைத்துவிட்டால் பயந்து துண்டிக்காதீர்கள். "தெரியாமல் வந்துவிட்டது, பிரச்சினை எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஆபத்தில் இருக்கிற யாரோ பேச முடியாமல் துண்டித்தார்களோ என்று அவர்கள் திரும்ப உங்களையே அழைத்துக்கொண்டிருப்பார்கள்.

கோட்டை என்றால் எந்தக் கோட்டை?

இப்போது என் தவறுக்கு வருகிறேன். 108ஐ எடுத்துப் பேசுபவர் சென்னையில் இருக்கிறார். ரஞ்சன்குடிக்காரருக்குக் கோட்டை என்றால் ஒன்றுதான், ஆற்காடு நவாபின் காலத்து ஜாகீர்தார் கட்டியது, உள்ளே பள்ளிவாசலும் இருக்கிறது. 1751இல் சந்தா சாஹிபின் ஆட்களும் முஹம்மது அலியின் ஆட்களும் மோதிய இடம் என்று வரலாறு படித்தவர்கள் சொல்வார்கள். ஆனால் சென்னையில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு "கோட்டைப் பக்கம்" என்பது தகவலே இல்லை. தமிழ்நாட்டில் எத்தனை கோட்டை! "பள்ளிவாசல் தெரு" எத்தனை! "பஸ் ஸ்டாண்டு" எத்தனை!

நாம் ஊருக்குள் இடத்தைச் சொல்லும் முறையே வேறு. "நம்ம காதர் பாய் கடை தாண்டி, பழைய ரேஷன் கடை சந்து." கேட்பவருக்கும் ஊர் தெரியும் என்ற நம்பிக்கையில் வளர்ந்த பேச்சு இது. அவசர எண்ணில் பேசும்போது இதைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் மாவட்டம், பிறகு பக்கத்துப் பெரிய ஊர், பிறகு சிற்றூர், கடைசியில்தான் கடையும் சந்தும். ரஞ்சன்குடியில் நின்றால், "பெரம்பலூர் மாவட்டம், மங்களமேடு பக்கத்தில் ரஞ்சன்குடி" என்று ஆரம்பிக்க வேண்டும்.

நான்குவழிச் சாலையில் இதோடு முடிவதில்லை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை உண்மையில் இரண்டு சாலைகள், நடுவில் தடுப்பு. எந்தப் பக்கம் என்று சொல்லும்போது வந்த ஊரைச் சொல்லாதீர்கள், போகிற ஊரைச் சொல்லுங்கள். "திருச்சி போகிற சாலையில்." இதை நான் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சாலையோரம் கிலோமீட்டர் கற்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள எண்ணைப் படித்துச் சொன்னால் அதைவிடத் துல்லியமான முகவரி கிடையாது. பகலில் அந்தக் கல்லை ஆயிரம் முறை கடந்திருப்போம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்திருக்க மாட்டோம். மேம்பாலத்தின் மேலா கீழா, மெயின் ரோடா சர்வீஸ் ரோடா என்பதையும் சொல்ல வேண்டும். பாலத்துக்கு மேலே வரும் வண்டி கீழே இறங்க நினைத்தால் வெகுதூரம் போய்த்தான் திரும்ப வேண்டும்.

"ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்கள், வண்டியை அனுப்ப வேண்டியதுதானே?" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. எனக்கும் அந்தக் கோபம் இருந்தது. எத்தனை பேருக்கு அடி, நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா, ரத்தம் போகிறதா என்று கேட்பது, எத்தனை வண்டி, எப்படிப்பட்ட வண்டி என்று முடிவெடுக்கத்தான். பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடாதீர்கள், அவர்கள் வைக்கும் வரை நீங்கள் வைக்க வேண்டாம். அதன் பிறகும் அந்தப் போனில் வேறு யாரிடமும் பேசிக்கொண்டிருக்காதீர்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வழி கேட்டு அந்த எண்ணுக்குத்தான் அழைப்பார். விபத்து நடந்த உடனே மச்சானுக்கும் மாமாவுக்கும் போன் போட்டு நடந்ததை விவரித்துக்கொண்டிருக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஓட்டுநருக்கு 'பிஸி' என்று கேட்கும்.

கூட்டத்தில் ஒருவர் பெயரைச் சொல்லியோ சட்டை நிறத்தைச் சொல்லியோ, "நீங்க போன் பண்ணுங்க, பண்ணிட்டு எங்ககிட்ட சொல்லுங்க" என்று பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். பொதுவாக "யாராவது போன் பண்ணுங்க" என்று கத்தினால் அந்த 'யாராவது' வரவே மாட்டார். 1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டபோது 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று ஒரு செய்தி உலகம் முழுவதும் பரவியது. கல்லூரியில் எங்களுக்கும் அதைப் பாடமாகச் சொன்னார்கள். அந்த எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது, சிலர் உண்மையில் உதவ முயன்றார்கள் என்பது பின்னாளில் தெரிந்தது. ஆனால் அந்தச் சம்பவத்தை ஒட்டி உளவியலாளர்கள் செய்த சோதனைகள் காட்டியது நிஜம்: கூட இருப்பவர்கள் அதிகமாக அதிகமாக, ஒவ்வொருவரும் தன் பொறுப்பைக் குறைவாக உணர்கிறார்கள். அன்று கோட்டையருகே நின்றவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. லாரி ஓட்டுநர் தன் துண்டை எடுத்துப் பையனின் தலைக்கு வைத்திருந்தார்.

நம் ஆம்புலன்ஸ், நம் மைக்

சமுதாயத்துக்குள் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டிய இடம் இது. தமுமுக உள்ளிட்ட நம் அமைப்புகள் ஆம்புலன்ஸ் சேவை நடத்துகின்றன. மதம் பார்க்காமல் ஓடுகின்றன, கொரோனா காலத்தில் சொந்தக்காரர்களே நெருங்கத் தயங்கிய ஜனாஸாக்களையும் பிற சமயத்தவர் உடல்களையும் நம் இளைஞர்கள் சுமந்தார்கள். அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் அதன் பக்க விளைவாக ஒரு பழக்கம் வந்துவிட்டது. விபத்து என்றதும் வாட்ஸப் குழுவில் தேடி, அமைப்பின் நிர்வாகி எண்ணைப் பிடித்து, அவர் ஓட்டுநரைப் பிடித்து, அவர் வண்டி திருச்சியில் இருப்பதாகச் சொல்லி, வேறு எண் கொடுத்து... இதற்குள் பத்து நிமிடம். தனிப்பட்ட எண் அணைந்திருக்கலாம், அவர் தொழுகையில் இருக்கலாம், தூங்கலாம். பொது எண்ணில் எந்த நேரத்திலும் முறை வைத்து ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் அழைப்பு 108 அல்லது 112. அதன் பிறகு நம் அமைப்பை அழையுங்கள், ரத்தம், மருத்துவமனையில் துணை, வெளியூர்க் குடும்பத்துக்குத் தகவல் என்று அவர்கள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

பள்ளிவாசல் மைக்கும் அப்படித்தான். நம் ஊர்களில் முதல் அவசர எண் அதுதான் என்று சொல்வேன். குழந்தை காணவில்லை, ஆடு காணவில்லை, மௌத், தீ, எல்லாவற்றுக்கும் மோதினார் மைக்கைப் பிடிப்பார். அதில் ஆள் சேரும், ஆனால் ஆம்புலன்ஸ் வராது. மைக்கில் அறிவிக்கும்போதே "108க்குத் தகவல் சொல்லியாச்சு" அல்லது "இன்னும் சொல்லவில்லை" என்று ஒரு வரி சேர்த்தால் எவ்வளவு குழப்பம் தீரும்!

பயம்

எண்ணும் தெரியும், இடமும் தெரியும், ஆனாலும் போனை எடுக்காதவர்கள் உண்டு. பயம். "பெயர் கேப்பாங்க ஹஜ்ரத். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வான்னு சொன்னா?" என்று காரில் திரும்பும்போது எங்கள் இளைஞரே கேட்டார். முஸ்லிம் பெயரைச் சொல்லக் கூடுதலாகத் தயங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அதை இல்லை என்று மூடி மறைத்துப் பயனில்லை. அதனால்தான் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 2016 மார்ச்சில் உச்சநீதிமன்றம் விபத்தில் உதவுபவர்களுக்கான பாதுகாப்பு வழிமுறைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே இதற்காகச் சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தில் உதவியவர் மீது, பாதிக்கப்பட்டவருக்கு ஏற்பட்ட காயத்துக்கோ மரணத்துக்கோ உரிமையியல் வழக்கும் கிடையாது, குற்ற வழக்கும் கிடையாது. பெயர், முகவரி, போன் எண்ணைச் சொல்லும்படி காவல்துறையோ மருத்துவமனையோ அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. நடைமுறையில் எல்லா இடத்திலும் இப்படியே நடக்கிறது என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் கேட்டால் சொல்வதற்கு ஒரு பிரிவு எண் நம் கையில் இருக்கிறது.

செலவு பற்றிய பயம் இன்னொன்று. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18ஆம் தேதி தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், மாநில எல்லைக்குள் நடக்கும் சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. அடிபட்டவர் வெளிமாநிலத்தவரா, வெளிநாட்டவரா என்பது கேள்வியில்லை. ஆகவே வழியில் கிடக்கும் வடமாநிலத் தொழிலாளியை "இவருக்கு யார் பணம் கட்டுவது" என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தை மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். அந்த ஓர் உயிர், நம் பக்கத்து வீட்டுக்காரராக மட்டுமே இருக்கும் என்று அதில் எங்கும் இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியது

பெண்களுக்கு இதைச் சொல்வதில் நாம் பின்தங்கியிருக்கிறோம். ஆண்கள் வெளிநாட்டில், வீட்டில் அம்மாவும் மருமகளும் குழந்தைகளும் மட்டும். அம்மாவுக்கு இரவில் மூச்சுத் திணறினால், மருமகள் முதலில் துபாய்க்கு வாட்ஸப் கால் போடுகிறாள். அங்கிருந்து அவர் ஊரில் தன் நண்பனை அழைக்கிறார். இது நம் வீடுகளில் நடப்பது, கதையில்லை. துபாய்க்கு அப்புறம் பேசலாம்.

2017க்குப் பிறகு இந்தியாவில் விற்கப்படும் போன்களில் அவசரப் பொத்தான் வசதி இருக்க வேண்டும் என்பது விதி. பட்டன் போனில் 5 அல்லது 9ஐ நீண்ட நேரம் அமுக்க வேண்டும். ஸ்மார்ட் போனில் பவர் பட்டனை மூன்று முறை வேகமாக அமுக்குவது என்று விதி சொல்கிறது, சில மாடல்களில் ஐந்து முறை. உங்கள் அம்மா கையில் உள்ள போனில் எது வேலை செய்கிறது என்று செட்டிங்ஸில் பார்த்து வைப்பது பிள்ளைகளின் வேலை. விளையாட்டாக 112ஐ அழைத்துச் சோதிக்க வேண்டாம்.

பாம்புக்கடிக்கு இப்போதும் வேர் கட்டுகிறவர்களைத் தேடிப் போகிறார்கள். காட்டு வேலைக்குப் போகும் நம் பகுதியில் இது சின்ன விஷயமில்லை. கடித்த பாம்பைத் தேடி அடித்துக்கொண்டிருக்காமல், கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வைத்து 108ஐ அழைக்க வேண்டும். வயலுக்கு வண்டி வர வழி இருக்காது. எந்த இடத்தில் தார்ச்சாலையை அடைவோம் என்று சொல்லி, அங்கே ஓர் ஆளை டார்ச் விளக்கோடு முன்கூட்டியே நிறுத்த வேண்டும். ஊருக்குள்ளும் அப்படித்தான். ஜமாஅத்துகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: ஒவ்வொரு தெருவுக்கும் "ஆம்புலன்ஸ் வந்தால் இந்த முனையில் நிற்க வேண்டும்" என்று ஓர் இடத்தை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். இரவில் மூன்று பைக் குறுக்கே நிற்கிற சந்தாக இருந்தால் அதையும் இப்போதே பேசித் தீருங்கள்.

அந்தச் சம்பவம் நடந்து சில வாரம் கழித்து, அதே இடத்துக்கு அருகில் உள்ள ஒரு டீக்கடையில் இறங்கினேன். கடைக்காரரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, உங்கள் கடைச் சுவரில் இந்த இடத்தின் முகவரியைப் பெரிதாக எழுதி வைத்தால் நல்லது, விபத்து என்றால் ஜனங்கள் உங்கள் கடை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ஓடி வருவார்கள் என்றேன். அவர் சிரித்தார். "இது என் கடைன்னு எல்லாருக்கும் தெரியுமே பாய்" என்றார். சென்னையில் போன் எடுக்கிற பொண்ணுக்குத் தெரியாதே என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளே போய்ச் சுண்ணாம்புக் கட்டி எடுத்து வந்து என்னிடமே கொடுத்தார்.

சிலேட்டுப் பலகை மாதிரி இருந்த அந்தக் கறுப்புச் சுவரில், போண்டா விலைக்குக் கீழே எழுதினேன்: பெரம்பலூர் மாவட்டம், ரஞ்சன்குடி, கோட்டை அருகில், திருச்சி போகும் சாலை. அதன் கீழே 108, 112. எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, கடைக்காரர் சாலையில் இறங்கி, கிலோமீட்டர் கல்லில் என்ன எண் இருக்கிறது என்று பார்க்கப் போயிருந்தார்.